‘நல்லா இருக்கேன்’ என்று எத்தனை நாள் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தை இரண்டு வருடமாக விடாமல் படித்தவள் நான். வெளிநாட்டில் முதுகலை படிப்பது என்று முடிவு செய்த நாளிலிருந்து, மொழித் தேர்வுக்கு எப்படித் தயாராவது, எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகத்துக்குச் சொல்கிற கட்டுரை) எப்படி எழுதுவது, கல்விக் கடனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று நீங்கள் போட்ட கட்டுரைகளை எல்லாம் வெட்டி ஒரு ஃபைலில் சேர்த்து வைத்தேன். அந்த ஃபைல் இப்போதும் இங்கே என் மேஜை மேல்தான் இருக்கிறது. விமானம் ஏறுகிற வரைக்கும் வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. இறங்கின பிறகு, அதுவும் வகுப்பு தொடங்கின பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு வகுப்பு தொடங்கி இது ஏழாவது வாரம். இந்த ஏழு வாரத்தில் நான் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று, அடுத்த வருடம் கிளம்பப் போகிறவர்களுக்கும் அவர்களை அனுப்பி வைக்கிற அப்பா அம்மாக்களுக்கும் முன்பே தெரிந்திருந்தால் நல்லது என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

பிரிவு என்றால் விமான நிலையம்தான் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே அழுதோம், கை அசைத்தோம், உள்ளே போய்விட்டேன், அதோடு பெரிய வலி முடிந்தது என்று நினைத்தேன். வந்து இறங்கிய முதல் இரண்டு வாரமும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. தங்கும் இடத்தின் சாவி வாங்கணும், சிம் வாங்கணும், பல்கலைக்கழகத்தில் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, ஓரியன்டேஷன் என்று காலில் சக்கரம் கட்டின மாதிரி ஓடிக்கொண்டிருந்ததில் வீட்டை நினைக்கவே நேரம் இல்லை. ராத்திரி படுத்தால் உடனே தூக்கம். ‘பரவாயில்லை, நான் தைரியசாலிதான்’ என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு தொடங்கின முதல் வாரத்தில்தான் அடி விழுந்தது.

அந்த வாரம் நடந்த முதல் செமினாரைச் சொல்கிறேன். நீள மேஜை, சுற்றிலும் பதினான்கு பேர். படித்துவிட்டு வரச் சொன்ன கட்டுரையை நான் மூன்று முறை படித்திருந்தேன், பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். பேராசிரியர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? கையைத் தூக்க வேண்டுமா, யாரும் தூக்கவில்லையே. ஒருவர் பேசி முடித்து மூச்சு விடுகிற அந்தச் சின்ன இடைவெளியில் அடுத்தவர் நுழைந்துவிடுகிறார். நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன், இரண்டு முறையும் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். மூன்றாவது முறைக்காக வாக்கியத்தை மனசுக்குள் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருந்த பையன் நான் சொல்ல நினைத்ததில் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டான். பேராசிரியர் தலையாட்டினார், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் சொல்லியிருக்க வேண்டியதை நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். தொண்ணூறு நிமிடத்தில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஊரில் கல்லூரியில் படிக்கும்போது வகுப்பில் முதலில் பேசுகிறவள் நான்தான். ‘கொஞ்சம் மத்தவங்களையும் பேச விடும்மா’ என்று பேராசிரியரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எங்கே போனாள் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டு ஏக்கம் என்றால் அம்மா, அப்பா, நம் தெரு, நம் படுக்கை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், அதெல்லாம் உண்மைதான், ஆனால் அன்றைக்கு அறைக்குத் திரும்பி நடக்கும்போது நான் ஏங்கியது பெரும்பாலும் வீட்டில் இருந்த என்னை நினைத்துத்தான். எதையும் யோசிக்காமல் பேசுகிற, யாரையும் எங்கேயும் நிறுத்தி வழி கேட்கிற, கோபம் வந்தால் கோபப்படத் தெரிந்த அந்த ஆளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பு என்று பழகிவிட்டு வருகிற நமக்கு, டைம்டேபிளைப் பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும். எனக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் வகுப்பு. ஆனால் ஐரோப்பாவில் பரவலாக இருக்கிற கிரெடிட் கணக்குப்படி ஒரு முழு வருடப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்றால் 750 முதல் 900 மணி நேரம். அதில் வகுப்பறையில் மற்றவர்களோடு உட்காருவது சின்னப் பங்குதான். மிச்சம் அத்தனையும் நூலகத்திலோ அறையிலோ தனியாகப் படிக்கிற நேரம். ‘இவளுக்கு நண்பர்கள் சேரவில்லையே, ஒதுங்கி இருக்கிறாளே’ என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். படிப்பே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது, தனிமை அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. போதாததற்கு, நாள் முழுக்க இன்னொரு மொழியில் கூர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பது எவ்வளவு அசதி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் கூடப் பதில் சொல்லத் தெம்பு இருக்காது, மண்டை அப்படிக் காய்ந்து போயிருக்கும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஃபோன்.

அந்த செமினார் முடிந்த அன்று, ஊரில் விடிகிற வரைக்கும் காத்திருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா எப்போதும் போல ஃபோனை எதிலோ சாய்த்து வைத்திருந்தார். திரையில் எனக்குத் தெரிந்தது மேலே சுற்றுகிற ஃபேனும் அப்பாவின் பாதி நெற்றியும்தான்.

“கிளாஸ் எப்படிம்மா போச்சு?”

“சூப்பரா போச்சுப்பா.”

“நீ பேசினியா?”

“பேசினேன்பா. எல்லாரும் நல்லாப் பழகறாங்க.”

உடனே அம்மா பக்கம் திரும்பி “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்ட பிறகு உண்மையை எப்படிச் சொல்வது? வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஃபோனை வைத்துவிட்டுப் போட்டிருந்த கோட்டைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் அப்படியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் நான்கு வாரம் இதே கதைதான். முதல் அசைன்மென்ட்டுக்கு நான் நினைத்ததை விட ரொம்பக் குறைந்த கிரேடு வந்தது, சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருவரிடமும் பேசாமல் கழிந்தது, சொல்லவில்லை. ஒவ்வொரு வீடியோ காலுக்கு முன்னாலும் முகத்தைக் கழுவி, விளக்கைப் போட்டு, என்ன நல்ல செய்தி சொல்லலாம் என்று யோசித்து வைத்துக்கொள்வேன். கடைசியில் வீட்டோடு பேசுவதே இன்னொரு செமினார் மாதிரி ஆகிவிட்டது. எந்த இடத்தில் யோசிக்காமல் பேசலாமோ அந்த ஒரே இடமும் போய்விட்டது. பொய் சொல்லச் சொல்ல வீடு இன்னும் தூரமாகப் போனது. இப்போது திரும்பிப் பார்த்தால் தூரத்தை விட, செமினாரை விட, என்னை அதிகமாக வாட்டியது இதுதான்.

ஐந்தாவது வாரம் என் சித்தி மகள் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, “பெரியப்பாவுக்குக் கட்டு எப்பக்கா பிரிக்கிறாங்க?” என்று கேட்டாள். என்ன கட்டு என்றேன். அவளுக்கு நாக்கு குழறிவிட்டது. நான் கிளம்பின நாலாம் நாள் அப்பா மாடிப்படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருக்கிறது. கையில் மாவுக்கட்டு. அதனால்தான் ஃபோனைக் கையில் பிடிக்காமல் சாய்த்து வைத்திருக்கிறார். அதனால்தான் இத்தனை வாரமாக நான் ஃபேனையும் பாதி நெற்றியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் நான் முகம் கழுவிக்கொண்டு உட்கார, அந்தப் பக்கம் அவர் கையைத் திரைக்கு வெளியே வைத்துக்கொண்டு உட்கார, இரண்டு பேரும் மாறி மாறி ‘நல்லா இருக்கேன்’ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கோபமாக ஃபோன் போட்டேன். ‘ஏன் மறைச்சீங்க’ என்று கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நான் மறைத்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது, கிரேடு, செமினார், ஞாயிற்றுக்கிழமை, எல்லாமே. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், தனக்கு முதல் வேலை கிடைத்துத் தெரியாத ஊருக்குப் போனபோது, தினமும் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், நம் ஊர்ப் பெயர்ப் பலகை மாட்டின பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புவாராம், மூன்று மாதம் அப்படியே செய்தாராம், அதைச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியுமாம்.

அன்றைக்குத்தான் வகுப்பு தொடங்கின பிறகு முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன், எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தெரிந்துகொள்ள. 1688-ல், ஸ்விட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழகத்தில், யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாக எடுத்துக்கொண்டு ஆய்வேடே எழுதியிருக்கிறார். நாஸ்டால்ஜியா என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். கிரேக்கத்தில் நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புவது, ஆல்கோஸ் என்றால் வலி. அந்த ஆய்வேடு என்றாலே வெளிநாட்டில் கூலிக்குப் போர் செய்யப் போன ஸ்விஸ் வீரர்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அதில் அவர் விவரிக்கிற நோயாளிகளில் ஒருவர் பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு என்று படுத்த படுக்கையாகக் கிடந்தவரை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததும் தேற ஆரம்பித்துவிட்டார், ஊர் போய்ச் சேர்வதற்குள் குணமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கு பெர்னிலிருந்து பாசலுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். முன்னூறு வருடத்துக்கு முன்னால் அந்தத் தூரத்துக்கே ஒரு மாணவர் படுத்துவிட்டார் என்றால், கடல் தாண்டி வந்தவர்கள் ஏங்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொரு விஷயம். கிளம்புவதற்கு முன்னால் எனக்கு எல்லோரும் சொன்னது, ‘முதல் ரெண்டு மூணு மாசம் தேனிலவு மாதிரி இருக்கும், அப்புறம்தான் கஷ்டம்’ என்பது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். புது நாட்டில் வருகிற தடுமாற்றத்துக்குக் ‘கலாச்சார அதிர்ச்சி’ என்ற பெயரைப் பரவலாக்கிய மானுடவியலாளர் காலெர்வோ ஓபர்க் 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் முதல் கட்டத்தைத் தேனிலவு என்றுதான் சொல்கிறார். 1955-ல் ஸ்வெரே லிஸ்கோர் என்பவர், அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் உதவித்தொகையில் போன நார்வேக்காரர்களை ஆராய்ந்து, முதலில் நன்றாக, நடுவில் மோசமாக, பிறகு மறுபடி நன்றாக என்று யூ எழுத்து வடிவில் போகிறது என்றார். நான் அதை நம்பிக்கொண்டு வந்ததால், வகுப்பு தொடங்கின முதல் வாரமே அழுகை வந்தபோது என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று பயந்தேன். ஆனால் 1998-ல் காலின் வார்டும் அவருடன் சேர்ந்தவர்களும், நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை வந்து இறங்கியதிலிருந்து ஒரு வருடம் வரை தொடர்ந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மனக்கஷ்டம் அதிகமாக இருந்தது வந்த புதிதில்தான். எனவே தேனிலவு வராதவர்கள் பயப்பட வேண்டாம், அது எல்லோருக்கும் வருவதில்லை.

ஓபர்க் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு அப்படியே பொருந்துகிறது. தெரியாத நாட்டில் நம்மைத் தள்ளாட வைப்பது, அன்றாடம் நமக்கே தெரியாமல் நாம் நம்பியிருக்கிற ஆயிரம் சின்னச் சின்ன அடையாளங்களை ஒரேயடியாக இழப்பதுதான் என்கிறார். எப்போது கை குலுக்குவது, எப்போது என்ன சொல்வது, யார் சொன்னதை நிஜமாக எடுத்துக்கொள்வது, இந்த மாதிரி. செமினாரில் எப்போது பேச ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் வாயைத் திறந்து மூடினேனே, அது இதுதான். எனக்கு அறிவு குறைந்துவிடவில்லை. அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அது பழகப் பழகப் பிடிபடுகிற விஷயம். அடுத்த வாரம் பேராசிரியரின் ஆபீஸ் ஹவர்ஸில் (மாணவர்கள் அவர் அறைக்கே போய்ப் பேசலாம் என்று ஒதுக்கி வைத்த நேரம்) போய், எனக்குப் பேச்சுக்குள் நுழையத் தெரியவில்லை என்று நேராகவே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. முதல் கேள்விக்கு முதல் ஆளாக நீ பேசிவிடு, அப்போது யாரையும் முந்த வேண்டியதில்லை என்றார். அப்படியே செய்தேன். குரல் நடுங்கினது, ஆனால் பேசிவிட்டேன். இதையும் அன்றைக்கே வீட்டில் சொன்னேன், குரல் நடுங்கினதையும் சேர்த்து.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடியோ காலை வேறு மாதிரி வைத்துக்கொள்கிறோம். ஃபோனைப் போட்டுவிட்டு, பேசியே ஆக வேண்டும் என்று இல்லாமல் அவரவர் வேலையைப் பார்க்கிறோம். நான் இங்கே படித்துக்கொண்டிருப்பேன், அங்கே அம்மா துணி மடிப்பார், அப்பா உங்கள் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்கும். நடுவில் யாராவது ஏதாவது சொல்வார்கள். ஒன்றரை மணி நேரத்தில் மொத்தமாகப் பத்து நிமிடம் பேசினால் அதிகம். ஆனால் தினமும் அரை மணி நேரம் நடித்துப் பேசியதில் கிடைக்காத ஏதோ ஒன்று இதில் கிடைக்கிறது. குளிர்காலம் வந்ததும் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள், அங்கே தள்ளுவதில்லை, அதனால் நேர வித்தியாசம் இன்னும் ஒரு மணி நேரம் கூடிவிட்டது. அதற்குத் தகுந்தபடி அம்மா தன் வேலையை மாற்றிக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லாமல்.

பிள்ளைகளை அனுப்பியிருக்கிற பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன், உங்கள் மகள் மாதிரி நினைத்துக் கேளுங்கள். ‘எல்லாம் நல்லா இருக்குதானே?’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘ஆமாம்’ என்ற பதில்தான் வரும். ‘இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் உடனே வழி சொல்லவோ, ‘எவ்வளவு செலவு பண்ணி அனுப்பிச்சோம்’ என்று ஆரம்பிக்கவோ வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும். உங்கள் வீட்டில் நடக்கிற கெட்டதையும் சொல்லுங்கள். தெரிந்தால் படிப்பு கெடும் என்று நினைத்து மறைக்கிறீர்கள், தெரியும். ஆனால் மறைக்கிறார்கள் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், அப்புறம் நீங்கள் ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்கிற எதையும் நம்ப முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, இன்றைக்கு அம்மா குரல் ஏன் அப்படி இருந்தது என்று யோசித்துக்கொண்டே கிடப்போம். அந்த பயத்தை விட, மணிக்கட்டு முறிந்த செய்தி எவ்வளவோ மேல்.

கிளம்பப் போகிற தம்பி தங்கைகளுக்கு: ஏக்கம் வேறு, நோய் வேறு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அழுகை வரும், போகும், நடுவில் வகுப்புக்குப் போவோம், ஏதோ ஒன்றுக்குச் சிரிப்போம், அது ஏக்கம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து வகுப்புக்குப் போகவே முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அதைத் தனியாகத் தாங்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பல இடங்களில் அதற்குக் கட்டணமும் இல்லை. அதில் எந்த அவமானமும் இல்லை. ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போய்விட்டு வருவதும், திரும்பி வராமலேயே இருப்பதும் கூட அவமானம் இல்லை, சொந்தக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை வெளிநாட்டுப் படிப்பு பற்றிச் சிறப்புப் பக்கம் போடும்போது, கடன், விசா, பல்கலைக்கழகத் தரவரிசை எல்லாம் போட்ட பிறகு, ஒரு கால் பக்கமாவது வகுப்பு தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்கு ஒதுக்குங்கள். போய்ப் படித்துக்கொண்டிருக்கிறவர்களையே எழுதச் சொல்லுங்கள், வேலை கிடைத்து நன்றாக இருப்பவர்களை மட்டும் தேடாதீர்கள், இப்போது நடுவில் திணறிக்கொண்டிருப்பவர்களையும் கேளுங்கள். அவர்களுடைய பெற்றோர்களையும் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது, அவர்களிடமும் சொல்லாத கதை நிறைய இருக்கிறது.

அப்பாவுக்குப் போன வாரம் கட்டு பிரித்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, “பஸ் ஸ்டாண்டு கதை வரைக்கும் எழுதிட்டே, பெயர் வேண்டாம்மா” என்றார். அதனால் பெயர் இல்லாமல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வெளிநாட்டில் முதலாம் ஆண்டு முதுகலை படிக்கும் உங்கள் வாசகி